தொட்டிச்செடி ஆலோசனை: ஜவ்வாதுமலை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வரையறை

தொட்டிச்செடி ஆலோசனை என்பது, ஒருவர் வளர்க்கும் செடியைப் பற்றி, அதை வளர்க்காத இன்னொருவர் கேட்காமலே சொல்வது. கேட்டபின் சொல்வது ஆலோசனை ஆகாது. அது வெறும் பதில். இந்த வேறுபாட்டை முந்தைய ஆய்வுகள் கவனிக்கத் தவறியுள்ளன. முந்தைய ஆய்வு எதுவும் இல்லை என்பது அதற்கு ஒரு காரணமாகலாம்.

தொட்டி என்ற சொல் இங்கே விரிந்த பொருளில் ஆளப்படுகிறது. இருபது லிட்டர் பெயின்ட் வாளி, அடி ஓட்டையான பிளாஸ்டிக் குடம், வாய் வெட்டிய எண்ணெய் டின், காது உடைந்த அலுமினியக் குண்டான், குறுக்கே அறுத்த தண்ணீர் கேன், ரேஷன் அரிசிச் சாக்கு யாவும் தொட்டியே. காசு கொடுத்து வாங்கிய தொட்டி இவ்வாய்வில் சேராது. வாங்கியவர் அதன் விலையையே பேசிக்கொண்டிருப்பதால் செடியைப் பற்றிய பேச்சுக்கு அங்கே இடமிருப்பதில்லை.

எல்லை

ஜவ்வாதுமலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. 1989-இல் திருவண்ணாமலையும் 2019-இல் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றும் வழக்கம் இரண்டு பிரிவினையின்போதும் பிரியாமல் நின்றது. ஜமுனாமரத்தூரில் சொல்லப்படும் ஆலோசனையே புதூர்நாட்டிலும் பீஞ்சமந்தையிலும் அதே சொற்களில் சொல்லப்படுகிறது. ஆயினும் மாவட்டத்துக்கு ஒரு முனைவர் பட்டம் என்ற கணக்கில் இப்பொருளை மூன்று ஆய்வேடுகளாகப் பிரிக்க இடமுண்டு; தலைப்பில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் போதும். முன்னுதாரணங்களுக்குப் பஞ்சமில்லை.

சுற்றிலும் காடும் கொல்லையும் இருக்க மலைமேல் தொட்டி எதற்கு என்ற ஐயம் எழலாம். விடை, ஆடு. தரையில் வைத்த எதையும் ஆடு மேய்ந்துவிடும். ஆடு விட்டுவைத்ததைக் கோழி கிளறிவிடும். ஆகவே வேண்டிய செடி மதிலுக்கும் மாடத்துக்கும் கூரை ஓரத்துக்கும் ஏறுகிறது. வீட்டார் ஒரு செடியை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதை அது இருக்கும் உயரத்தைக் கொண்டே அறியலாம்: துளசி இடுப்பளவு, கனகாம்பரம் தோளளவு, ரோஜா எட்டாத உயரம். ரோஜாவுக்கும் மேலே இருப்பது டிஷ் ஆன்டெனா மட்டுமே.

சொல்வோர்

ஆலோசகருள் முதலிடம் உறவுமுறையாருக்கு. மாமியார் சொன்னதை மருமகள் மறுக்க முடியாது. செய்ய வேண்டும் என்பதும் இல்லை. "சரிங்க அத்தை" என்ற அளவில் அது நிறைவேறியதாகக் கொள்ளப்படும். வழிப்போக்கர் பேருந்துக்கு நிற்கும் நேரத்தில் சொல்பவர். பேருந்து வராத நாளில் கவாத்தும் செய்துவிடுவார். கைபேசி ஆலோசகருக்கு மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும், செடியோ பள்ளத்தில் இருக்கும். வேளாண் அலுவலர் கேட்டால் மட்டுமே சொல்வார் என்பதால் மேற்கண்ட வரையறைப்படி இங்கே இடம்பெறார். ஆண்கள் தொட்டியை இடம் மாற்றச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வர்.

இத்துறையின் சான்றுகள் அனைத்தும் வாய்மொழிச் சான்றுகள். ஆகவே சொன்னவர், சொன்ன இடம், அப்போது நடந்துகொண்டிருந்த வேலை ஆகிய மூன்றையும் தந்து சான்று காட்டுவது நெறி. வேலையைக் குறிப்பது இன்றியமையாதது. துணி துவைக்கும்போது சொன்னதும் துணி காயவைக்கும்போது சொன்னதும் ஒன்றாக இருப்பதில்லை.

நீர்

செடிக்கு ஊற்றத்தக்கது தண்ணீர் என்பது அறியாதார் கொள்கை. அறிந்தோர் ஊற்றுவது கழுநீர். எதைக் கழுவிய நீர் என்பதில்தான் பிளவு.

அரிசிக் கழுநீர்ப் பள்ளி ரேஷன் அரிசியோடு மலையேறியது. முதல் கழுநீர் மாட்டுக்கு, இரண்டாவது ரோஜாவுக்கு என்பது அதன் அடிப்படை விதி (எதிர்வீட்டு அக்கா, குழாயடி, இரண்டாம் குடம்). மாடு இல்லாத வீட்டில் முதல் கழுநீரும் ரோஜாவுக்கே (மேற்படியார், மூன்றாம் குடம், திருத்திய பதிப்பு). சாமைக் கழுநீர்ப் பள்ளி இதற்கு மூத்தது. ஜவ்வாதுமலை சாமைக்குப் பேர்போன இடம். அரிசி வருமுன்பே அங்கே கழுவுவதற்குச் சாமை இருந்தது. சாமை கழுவிய நீரில் தவிடும் தூசியும் இறங்குவதால் அதுவே சத்துள்ளது என்பது இப்பள்ளியாரின் வாதம் (ஆயா, திண்ணை, முறத்தில் புடைக்கும்போது, நடுவே கல் ஒன்று அகப்பட்டதால் வாக்கியம் முற்றுப்பெறவில்லை). திருவண்ணாமலைக்கு அருகே அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. சாமையில் புதிய ரகமே வெளியிட்ட அந்த மையம் சாமை கழுவிய தண்ணீர் குறித்து வாய் திறவாதிருப்பது இரு பள்ளியாருக்கும் வருத்தம்.

இரண்டு கழுநீரிலும் கொஞ்சம் மாவுச்சத்தும் கொஞ்சம் தாது உப்பும் இருக்கின்றன. மீதி தண்ணீர். செடிக்குத் தேவைப்பட்டது அந்த மீதிதான்.

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்ற வேண்டும் என்பதில் பிளவு இல்லை. சுண்ணாம்புத் தன்மை மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிட்டாமல் இளந்துளிர் மஞ்சளாகும். புளிப்பு சேர்ந்தால் கிட்டும். ஆகவே மோருக்கு ஓரளவு நியாயம் உண்டு. இவ்வாறு ஒரு பழைய வழக்கத்துக்கு நியாயம் தென்படும் இடத்தில் "நம் முன்னோர் ஒன்றும் முட்டாள்கள் அல்லர்" என்ற வாக்கியத்தைச் சேர்ப்பது ஆய்வு மரபு. அது இங்கே சேர்க்கப்பட்டதாகக் கொள்க. முன்னோர் இரும்புச்சத்தை எண்ணி ஊற்றினரா, நான்கு நாள் மோரைச் சாக்கடையில் கொட்ட மனமில்லாமல் ஊற்றினரா என்று மரபில் யாரும் கேட்பதில்லை.

கண்ணேறு

பட்டால் வாடும்.

தொட்டி அகழாய்வு

ஜவ்வாதுமலையில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் உண்டு. தொல்லியலார் அவற்றையே சுற்றிச் சுற்றி வருகின்றனரே தவிர, பக்கத்து வீட்டு ரோஜாத் தொட்டி ஒன்றையும் தோண்டியதில்லை. இக்குறை ஈண்டு களையப்படுகிறது.

பெயின்ட் வாளி ஒன்றின் மண்ணடுக்குகள் வருமாறு. மேலடுக்கு டீத்தூள். கழுவாமல் கொட்டியதால் பாலும் சர்க்கரையும் அதில் எஞ்சியிருக்கின்றன. சர்க்கரைக்கு எறும்பு வந்திருக்கிறது. வந்த எறும்பு சும்மா இருக்காது. செடியில் மாவுப்பூச்சியும் அசுவினியும் இருந்தால் அவை சுரக்கும் இனிப்புக்காக அவற்றைக் காவல்காத்து வளர்த்துவிடும். இரண்டாம் அடுக்கு முட்டை ஓடு. தூளாக்கிப் போட்டாலே அதன் சுண்ணாம்பு கரைய மாதக்கணக்கில் ஆகும். இங்கே முழுசாகக் கவிழ்த்து வைத்திருப்பதால், வரும் நூற்றாண்டு ஆய்வாளருக்கு அப்படியே கிடைக்கும். மூன்றாம் அடுக்கு வெங்காயச் சருகும் பூண்டுத் தோலும். நான்காம் அடுக்கில் பச்சைக் கோலிக்குண்டு ஒன்று, ஹேர்பின் இரண்டு, ஒரு சில்வர் கரண்டி. கரண்டியில் பெண்வீட்டார் பெயர் பொறித்திருக்கிறது. அதை யார் தொலைத்தார்கள் என்பது குறித்து அவ்வீட்டில் நெடுங்காலம் இரு கருத்துகள் நிலவின; அகழாய்வுக்குப் பின் மூன்றாவது கருத்தும் தோன்றியுள்ளது.

அடியில் இருப்பது செடி வாங்கும்போதே ஒட்டியிருந்த களிமண் உருண்டை. ஆந்திரத்தின் கடியம் பகுதி நாற்றங்கால்களிலிருந்து செடிவண்டிகள் தமிழ்நாட்டுத் தெருக்களுக்குக் கொண்டுவரும் செடிகளில் காணப்படுவது போன்ற, காய்ந்தால் கல்லாகிவிடும் உருண்டை. ரோஜா தன் வேர்களை முழுக்க இந்த உருண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தது. மேலுள்ள நான்கு அடுக்குகளிலும், அதாவது ஆலோசனைகளால் ஆன பகுதியில், ஒரு வேர்கூட இல்லை.

இந்த ரோஜாவில் இன்னொன்றும் தெரிந்தது. ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே கிளம்பிய காட்டுரோஜாக் கொம்பு ஆள் உயரம் வளர்ந்திருந்தது. ஒட்டிய கொம்பு காய்ந்து போயிருந்தது. பூ மட்டும் ஏன் வரவில்லை என்ற வினாவுக்கு இதுவே விடை. ஆனால் "நான் சொன்ன கழுநீர்ல எப்படி வளர்ந்திருக்கு பாரு" என்ற உரிமைகோரல் அதற்குள் பதிவாகிவிட்டது (எதிர்வீட்டு அக்கா, மதிலோரம், குடம் இல்லாமல்).

திருட்டுக் கோட்பாடு

மணி பிளான்ட் பற்றிய ஆலோசனைகள் யாவும் ஒரே கோட்பாட்டில் அடங்கும்: திருடி வைத்தால்தான் தழைக்கும். கேட்டு வாங்கினால் வேர் விடாது. காசு கொடுத்து வாங்கினால் வேர் விடும், காசு தங்காது. இக்கோட்பாடு தமிழகமெங்கும் வழங்குவதே. ஆயினும் மலையில் அதற்கு நேர்ந்த இடர்ப்பாடும் மலையார் கண்ட தீர்வும் தனித்து நோக்கத்தக்கவை.

இடர்ப்பாடு இது. சிற்றூரில் திருட முடியாது. யார் வீட்டுக் கொடி எந்த ஜன்னலில் எத்தனை இலையோடு நிற்கிறது என்பது ஊருக்கே தெரியும். தெரியாத வீட்டுக்குப் போனால் நாய் குரைக்கும்; தெரிந்த வீட்டு நாய் வாலாட்டிக்கொண்டு திருடியவரை அவர் வீடு வரை கொண்டுவந்து விட்டுப் போகும். மறுநாள் அந்தக் கொடியைத் தன் வீட்டில் வைத்தால், "இது அவங்க வீட்டு இலையாச்சே" என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். திருடாமல் தழைக்காது, திருடினால் மறைக்க முடியாது. இந்த முரணிலிருந்து பிறந்ததே இசைவுத் திருட்டு.

அதன் நடைமுறை வருமாறு. திருட வந்தவர் திண்ணையில் அமர்ந்து புளி விலை, பேருந்து, யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று பேசுவார். பேச்சினூடே கொடியை ஒருமுறை பார்ப்பார். சற்றுப் பொறுத்து இன்னொருமுறை. வீட்டுக்காரர் குறிப்பறிந்து, "இருக்கா, அடுப்புல பால் வெச்சிருக்கேன், பொங்கிடும்" என்று எழுந்து உள்ளே போவார். அடுப்பில் பால் இராது. சில நேரம் அடுப்பே எரியாது. உள்ளே நின்று ஒன்றிரண்டு பாத்திரங்களை உருட்டுவார். வெளியே கொடி ஒடிபடும் ஓசை அடங்கியதும் இருமிக்கொண்டே வருவார். வந்தவரின் முந்தானை முடிச்சு சற்றுப் பருத்திருக்கும். அதிலிருந்து ஓர் இலை எட்டிப் பார்க்கும். அதை இருவரும் பார்க்கமாட்டார்கள். பிறகு டீ வரும், பால் இல்லாமல்.

இதுவரை சிக்கல் இல்லை. விடைபெறும்போது வீட்டுக்காரர் சொல்லும் ஒரு வாக்கியம்தான் ஆய்வுலகை இரண்டாகப் பிளந்தது: "கணுவோட கிள்ளுனியா? கணு இல்லன்னா வேர் வராது." தாவரவியல்படி இது முற்றும் சரி. மணி பிளான்ட் கணுவில்தான் வேர் விடும். காம்போடு கிள்ளிய தனி இலை தண்ணீரில் பல நாள் பச்சையாக நின்று ஏமாற்றும். ஆனால் திருட்டு நடந்ததை உடையவரே வாய்விட்டுச் சொன்னபின் அது திருட்டாக நீடிக்குமா?

நீடிக்காது, கொடி பிழைக்காது என்பர் தூய திருட்டுவாதியர் (மேட்டுத்தெரு அத்தை, அடுப்படி, பருப்பு வேகும்போது). வீட்டுக்காரர் கேட்டது வினா மட்டுமே, வினா இசைவு ஆகாது என்பர் இசைவுத் திருட்டுவாதியர் (அதே அத்தை, அதே அடுப்படி, பருப்பு அடிப்பிடித்தபின், தொனி மாறியுள்ளது, கருத்தும் மாறியுள்ளது). கணு பற்றிய வாக்கியம் மூலச் சடங்கில் இருந்ததே இல்லை, பிற்காலத்தார் இடைச்செருகல் என்று மூன்றாம் தரப்பொன்று வாதிடுகிறது (ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர், கையெழுத்துப்படி, மளிகைக்கடைக் காலண்டரின் பின்பக்கம், தாள் எண் கிழிந்தது, ஓரக்குறிப்பு பேரன் கையெழுத்தில் உள்ளது, அது உரையா, வீட்டுப்பாடக் கணக்கா என்பது துணியப்படவில்லை, நடுவிலுள்ள எண்ணெய்க் கறை மூலபாடத்தைச் சார்ந்தது என்பர் ஒரு சாரார், வடை சார்ந்தது என்பர் மறுசாரார்). மூன்றாம் தரப்புக்கு ஆதரவாளர் எவரும் இல்லை. ஆயினும் எல்லா ஆய்வேடுகளிலும் அது ஓர் இயலைப் பெறுகிறது.

சட்டநூலார் இங்கே எதிர்பாராத வகையில் உதவுகின்றனர். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவும், உடையவர் இசைவின்றி நேர்மையற்ற நோக்கத்தோடு எடுப்பதையே திருட்டு என்கின்றன. இசைவைச் சொல்லாலும் தரலாம், குறிப்பாலும் தரலாம். இல்லாத பாலைப் பொங்கவைக்கப் போவது குறிப்பால் தந்த இசைவு என்று ஒரு வழக்கறிஞர் வாதிட முடியும். வாதிட்டு வென்றால் கட்சிக்காரர் விடுதலை ஆவார், கொடி பட்டுப்போகும்.

இன்னும் நுட்பமானது அப்பிரிவின் முதல் விளக்கம். மண்ணோடு பிணைந்திருக்கும் வரை ஒரு பொருள் திருட்டுக்கு உரியதன்று. மண்ணிலிருந்து பிரிக்கப்பட்ட கணத்திலிருந்தே உரியதாகும். அப்படியாயின் கிள்ளும் கணமே திருட்டின் பிறப்பு. ஆனால் மலைவீடுகளில் பல கொடிகள் குவார்ட்டர் பாட்டிலில் தண்ணீரில் நிற்பவை. அவை மண்ணோடு பிணைந்திருந்ததே இல்லை. (பாட்டில் எவ்வாறு வீட்டுக்கு வந்தது என்பது தனி ஆய்வுக்குரியது, அதை மேற்கொள்ள மனைவியர் பலர் முன்வந்துள்ளனர்.) பாட்டில் கொடிக்கு விளக்கம் பொருந்துமா என்று சொல்லவில்லையே என 1860-இல் சட்டம் இயற்றியோரைக் குறைகூறிப் பயனில்லை. அவர்கள் காலத்தில் இக்கொடிக்குத் தாவரவியல் பெயரே கிடையாது. அது கிடைத்தது 1880-இல்.

பெயர் வந்த கதை கோட்பாட்டுக்கு வலுச்சேர்ப்பது. மணி பிளான்ட்டின் தாயகம் பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த மோரேயா என்னும் சிறு தீவு. அது பூப்பது மிக மிக அரிது. பூக்கத் தூண்டும் ஜிப்பரலின் என்னும் இயக்குநீரைச் சுரப்பதில் அதற்குள்ள மரபணுக் குறையே காரணம் என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. பூ இல்லையேல் விதை இல்லை. ஆகவே உலகெங்கும் ஜன்னல்களில் தொங்கும் இக்கொடிகள் ஏதோ ஒரு கொடியிலிருந்து யாரோ கிள்ளியவை. ஜமுனாமரத்தூர்த் திண்ணையிலிருந்து கிள்ளல் கிள்ளலாகப் பின்னோக்கிப் போனால் ஆய்வாளர் மோரேயாவில் கரையேறுவார். அங்கே முதலில் கிள்ளியவர் கேட்டுக் கிள்ளினாரா, உடையவர் பால் பொங்குகிறது என்று உள்ளே போயிருந்தாரா என்பது இத்துறையின் தலையாய வினா. மோரேயா தென்கடலில் இருப்பதால் அது குமரிக்கண்டத்தின் எஞ்சிய துண்டே என்று நிறுவ ஒருவர் எப்போது வேண்டுமானாலும் முன்வரலாம். அவருக்கு அணிந்துரை எழுத மூவர் தயாராக இருப்பர். மூவரும் நூலைப் படித்திருக்கமாட்டார்கள்.

கிளைவழக்காக மறுதிருட்டு ஒன்று உண்டு. உடையவர் வீட்டுக் கொடி பட்டுப்போக, முன்பு திருடியவர் வீட்டில் அது தழைத்திருக்கும். இப்போது பழைய உடையவர் திண்ணைக்கு வருவார், புளி விலை பேசுவார், கொடியைப் பார்ப்பார். பழைய திருடருக்குப் பால் ஞாபகம் வரும். தன் கொடியைத் தானே திருடினால் அது திருட்டாகுமா என்பதற்குச் சான்று ஒன்றே கிடைத்துள்ளது (பெயர் சொல்ல விரும்பாத சின்னம்மா, கல்யாண வீட்டுப் பந்தி, இரண்டாம் இலைக்கும் மூன்றாம் இலைக்கும் இடையில், ரசம் ஊற்றும்போது, கேட்டவர் தலையாட்டியதை ரசம் போதும் என்று கொண்ட பரிமாறுபவர் நகர்ந்துவிட்டதால், தலையாட்டல் இரு பொருள்படும், இதனைச் சிலேடை எனக் கொண்டு உரை வகுத்தோரும் உளர்).

மணி பிளான்ட் காற்றைச் சுத்தப்படுத்தும் என்ற ஆலோசனை மிக அண்மைக்காலத்தது. 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, மூடிய பெட்டிக்குள் செடிகளை வைத்து நடத்திய சோதனை அதன் ஊற்று. பழைய சோதனைகளை 2019-இல் தொகுத்து மறுகணக்கிட்டவர்கள், ஒரு கட்டடத்தின் வழக்கமான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவை என்று கண்டனர். வீட்டில் ஆள் நிற்க இடமிராது. இருபுறமும் காடு நிற்கும் ஊரில், ஜன்னலை அடைத்துவிட்டு, உள்ளே குவார்ட்டர் பாட்டிலில் இரண்டு இலையை வைத்துக் காற்றைச் சுத்தப்படுத்தும் வழக்கம் சமவெளிக்குப் போய்வந்த உறவினரால் மலைக்கு வந்தது.

பூச்சி

மாவுப்பூச்சிக்குக் கூறப்படும் மருந்துகள்: சாம்பல், மஞ்சள்தூள், துணி சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய், பழைய பல்துலக்கி, திட்டு. இவற்றுள் சோப்புக் கரைசலும் வேப்பெண்ணெயும் பயன் தருபவை. பல்துலக்கியும் தரும், யாருடையது என்று தெரியும் வரை.

பெரிய அளவில் நடந்தது வேறு. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழகமெங்கும் பரவியது. தெளித்த மருந்து எதற்கும் அது அடங்கவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை ஒழித்தன. சாம்பல் தூவிய வீடுகளிலும் அந்த ஆண்டு பூச்சி மறைந்தது. சாம்பலின் புகழ் அன்றிலிருந்து மேலும் உயர்ந்தது.

இரவுப்பூ

பிரம்மகமலம் என்ற பெயரால் தொட்டியில் வளர்க்கப்படுவது மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு கள்ளி. இமயமலையில் வளரும் உண்மையான பிரம்மகமலத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இதைச் சொல்லும் ஆய்வாளருக்கு அன்றிரவு பூப்பார்க்க அழைப்பு வராது.

மொட்டு தலைநிமிர்ந்த அன்று மாலையே செய்தி பரவும். இரவு ஒன்பது மணிக்குமேல் பாயும் முக்காலியும் சொம்பில் தண்ணீருமாக ஆட்கள் கூடுவார்கள். இதே மலையில் காவலூர் வானாய்வகத்தில் 1968 முதல் இரவு விழித்து வானத்தைப் பார்த்து வருகிறார்கள். 1986-இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி தொடங்கிவைக்கப்பட்டது. 1988-இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோள் ராமானுஜன் பெயரைத் தாங்குகிறது. இரு அவதானிப்பு மரபுகளையும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். வானியலார் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்வர். பூப்பார்ப்போர் டார்ச் அடிப்பர். மேகம் வந்தால் வானியலார் கூரையை மூடிவிடுவர். பூ மேகத்தைப் பொருட்படுத்தாது. இதழ் விரிவதைத் தம் கண்ணால் கண்டதாக எல்லாரும் கூறுவர். அந்நேரம் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கும் சான்று உண்டு.

இக்கூட்டத்தைக் கருத்தரங்கமாகக் கொள்ளத் தடையில்லை. சிங்கப்பூரிலுள்ள மருமகன் வீடியோ அழைப்பில் வந்துவிட்டால் அது பன்னாட்டுக் கருத்தரங்கம். தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் தாமாக நடந்தேறுகின்றன. பொருளைப் பார்க்க மட்டும் நேரம் போதாமல் போவதிலும் பொருத்தம் குறைவில்லை. பதிவுக் கட்டணம் வாங்காததும், கட்டியவர் கட்டுரையை எல்லாம் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு தொகுத்து வெளியிடாததும் இன்னும் நிரப்பப்படாத குறைகள். விடியுமுன் பூ தொங்கிவிடும். அடுத்த முறை பூக்க என்ன போடலாம் என்ற விவாதம் தொங்குவதற்கு முன்பே தொடங்கிவிடும்.

இறப்பு

தொட்டிச்செடி பெரும்பாலும் சாவது தண்ணீரால். மண்ணின் இடுக்குகளில் காற்றுக்குப் பதில் நீர் நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுகும், அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, இலை வாடும். வாடிய இலையைக் கண்டவர் தண்ணீர் ஊற்றுவார். ஒரு வீட்டில் மாமியார் காலையில் ஊற்றுகிறார், மருமகள் மாலையில் ஊற்றுகிறார், பள்ளி விட்டு வந்த பிள்ளை பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றுகிறது, வழிப்போக்கர் வாய் கொப்பளிக்கிறார். நால்வரும் தனித்தனியே கேட்டால் "யாருமே ஊத்தறதில்ல, நான்தான் பாக்கறேன்" என்பர். பெயின்ட் வாளியின் அடியில் ஓட்டை போட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த ஒரே உருப்படியான ஆலோசனை; ஆணியைக் காய்ச்ச அடுப்பு ஓயும் நேரம் வராததால் அது தள்ளிப்போகிறது.

செத்தபின் காரணம் காணும் கூட்டம் நடக்கும். தண்ணீர் போதவில்லை என்பது முதல் முடிவு. தீட்டு, கண்ணேறு, ராசியில்லாத கை, இடம் மாற்றியது ஆகியவை அடுத்தடுத்து வரும். கழுநீரை ஊற்றச் சொன்னவர் சாமைக் கழுநீரைச் சொன்னதாகவும், ஊற்றியவர் அரிசிக் கழுநீரை ஊற்றிவிட்டதாகவும் வரலாறு திருத்தப்படும் (எதிர்வீட்டு அக்கா, குழாயடி, முதல் குடத்துக்கும் முன், மூலத்தோடு ஒப்பிட்டு நோக்க அக்கா இசையவில்லை).

மண்ணோடு நிற்கும் வெறுந்தொட்டிக்கு உரிய ஆலோசனைகள் புதினா, கற்பூரவல்லி, கற்றாழை ஆகிய மூன்றே. இவற்றுள் கற்றாழைக்குத் தண்ணீரே தேவையில்லை என்பதில் எல்லாப் பள்ளியாரும் உடன்படுகின்றனர். ஆகவே அதற்கு ஆளுக்கு ஒரு சொம்பு மட்டும் ஊற்றுகின்றனர்.